பழநி பாதயாத்திரை வசூல்: எக்செலில் கணக்கு எழுதுவது எப்படி?

தை மாதம் பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து பழநிக்குப் போகும் சாலையில் ஓரமாக நடந்து செல்லும் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வாடிப்பட்டி, கொடைரோடு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் போனால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். எங்கள் தெருவிலிருந்தும் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு ஒரு குழு போகிறது. நடப்பவர்கள் 24 பேர், நடக்கும் நாட்கள் 4. கால் நம்முடையது என்றாலும் செலவு முழுவதையும் நம்மால் ஏற்க முடிவதில்லை. அதனால் கடை வைத்திருப்பவர்கள், உறவினர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் எனப் பலரிடமும் கேட்டு வாங்குகிறோம்.

2024 தைப்பூசம் முடிந்து வந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது, கையிருப்பில் 4,350 ரூபாய் குறைந்தது. வசூல் பொறுப்பு எங்கள் குருசாமியிடம் இருந்தது. எனக்குப் பெரியப்பா முறை. பல வருடமாக மாலை போட்டு நடப்பவர். பேச்சு வளர வேண்டாம் என்று அவர் மறுநாளே தன் கைக்காசைப் போட்டுச் சமன் செய்தார். அதுவே வினையாகிவிட்டது. "எடுக்காத ஆளு எதுக்குப் போடணும்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்க, அது தெரு முழுக்கச் சுற்றியது.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை வாங்கி வந்து, வரி வரியாக எக்செலில் ஏற்றினேன். இரண்டு மணி நேரத்தில் விடை கிடைத்தது. ஒருவர் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னதைப் பெரியப்பா எழுதியிருந்தார். அந்தப் பணம் வந்தபோது இன்னொருவர் அதையே மறுபடி எழுதியிருந்தார். வேறொருவர் சொன்ன 1,000 ரூபாய் வரவே இல்லை. ஆனால் வரவில் இருந்தது. வழியில் குடித்த டீ, பன் செலவு 350 ரூபாய் எழுதப்படவே இல்லை. மூன்றையும் கூட்டினால் சரியாக 4,350. யாரும் ஒரு பைசாவும் எடுக்கவில்லை. தவறு முழுவதும் நோட்டில்தான் இருந்தது.

அந்தத் தவறு வராமல் இருக்க ஒரு ஒர்க்புக் தயாரிப்பது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். மலையேற்றம், நீண்ட தூர நடை, சைக்கிள் பயணம் என்று எதற்குப் பணம் கேட்டாலும் இதே முறை பொருந்தும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். மெனுக்களின் இடம் சற்று மாறும்.

பழைய வழக்கம் என்ன சொல்கிறது?

நடப்பவர்களுக்கு ஊர் உதவுவது நமக்குப் புதிதில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகம் செய்ய நடந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பது குற்றம் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அப்படியும் வழியெங்கும் மக்கள் உணவு கிடைக்கச் செய்தார்கள். ஏப்ரல் 28 அன்று அந்தப் படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது.

பழநிக்கு நடப்பதில் பல தலைமுறைப் பழக்கம் உள்ள நகரத்தார்களிடம் வேறொரு வழக்கம் உண்டு. திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. ஊர்க் கோயில் பொதுச் செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பிரிப்பார்கள். மொத்தச் செலவு என்ன, எத்தனை பங்கு, ஒரு பங்கு எவ்வளவு என்பது முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம் முதல் ஷீட்டும் இதைத்தான் செய்யப்போகிறது.

1. பட்ஜெட் ஷீட்

புதிய ஒர்க்புக் திறந்து, கீழே உள்ள ஷீட் டேபில் டபுள் கிளிக் செய்து 'பட்ஜெட்' என்று பெயர் கொடுங்கள். 2025 தைப்பூசத்துக்கு நாங்கள் போட்ட பட்ஜெட் இது:

சாமான் வண்டி வாடகை, டீசல்: 12,000
மளிகை, காய்கறி, கேஸ் (24 பேர், 4 நாள், தலைக்கு 150): 14,400
சமையல்காரர் சம்பளம்: 6,000
மண்டபம், 3 இரவு: 4,500
மருந்து, களிம்பு, டார்ச், ஒளிரும் பட்டை: 2,700
திரும்பி வர பஸ், தலைக்கு 100: 2,400
மொத்தம்: 42,000

மளிகைத் தொகையை நேரடியாக டைப் செய்யாமல் =24*4*150 என்று கொடுங்கள். ஆட்களின் எண்ணிக்கை மாறினால் திருத்துவது எளிது.

நடப்பவர்கள் தலைக்கு 750 ரூபாய் போட்டால் 18,000 சேரும். வெளியில் கேட்க வேண்டியது 24,000. நடப்பவர்களின் பங்கு என்ன என்பதையும் சொல்லிக் கேளுங்கள். தன் பங்கைப் போட்டுவிட்டு வருகிறவரிடம் கை நீட்டிக் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்காது.

2. 'சொன்னது' ஷீட்

நோட்டில் நாங்கள் செய்த பெரிய தவறு, சொன்ன பணத்தையும் வந்த பணத்தையும் ஒரே இடத்தில் எழுதியது. ஆகவே இரண்டாவது ஷீட்டுக்கு 'சொன்னது' என்று பெயர் வையுங்கள். ஏ முதல் ஈ வரை என்று குழம்பாமல் ஆங்கில நிரல் பெயர்களிலேயே சொல்கிறேன். ஏ நிரலில் கொடையாளர் எண், பி-யில் பெயர், சி-யில் சொன்ன தொகை, டி-யில் வந்தது, இ-யில் பாக்கி.

கொடையாளருக்கு எண் எதற்கு? ஒரே ஆளை ஒருவர் 'மளிகைக்கடை அண்ணாச்சி' என்றும் இன்னொருவர் 'கடை அண்ணாச்சி' என்றும் எழுதுவார். நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். 101, 102 என்று எண் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

3. 'வரவு' ஷீட்

பணம் கையில் வந்த பிறகு மட்டும் இதில் எழுத வேண்டும். ஏ ரசீது எண், பி தேதி, சி கொடையாளர் எண், டி பெயர், இ தொகை, எஃப் வழி, ஜி யுபிஐ எண், எச் நோக்கம், ஐ வாங்கியவர். ஒரு ரசீதுக்கு ஒரு வரி.

எஃப் நிரலில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதைத் தடுக்க, அந்த நிரலைத் தேர்வு செய்து டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷனைக் கிளிக் செய்யுங்கள். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் ரொக்கம்,யுபிஐ என்று கமா போட்டு டைப் செய்து ஓகே கொடுங்கள். இனி அந்த இரண்டைத் தவிர வேறெதுவும் ஏறாது.

யுபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் உண்டு. அதை அப்படியே டைப் செய்தால் எக்செல் 4.12E+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். எனவே டைப் செய்வதற்கு முன்பே ஜி நிரலைத் தேர்வு செய்து, ஃபார்மட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். பிறகு ஹோம் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், டூப்ளிகேட் வேல்யூஸ் என்று போங்கள். ஒரே பரிமாற்றத்தை இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டு செல்லும் சிவப்பாகிவிடும்.

இப்போது 'சொன்னது' ஷீட்டுக்குத் திரும்புவோம். டி2 செல்லில் ஈக்வல் டூ குறி போட்டு சம்இஃப் என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து அடைப்புக்குறியைத் திறங்கள். 'வரவு' ஷீட்டுக்குப் போய் சி நிரலின் தலைப்பைக் கிளிக் செய்து கமா போடுங்கள். 'சொன்னது' ஷீட்டுக்கு வந்து ஏ2 செல்லைக் கிளிக் செய்து கமா போடுங்கள். மறுபடி 'வரவு' ஷீட்டில் இ நிரலின் தலைப்பைக் கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டுங்கள். அந்தக் கொடையாளரிடமிருந்து இதுவரை வந்த மொத்தம் தெரியும். இ2 செல்லில் சி2-விலிருந்து டி2-வைக் கழித்தால் பாக்கி. இரண்டு செல்லையும் கீழே இழுத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

4. 'செலவு' ஷீட்

வவுச்சர் எண், தேதி, விவரம், தொகை, வழி, கொடுத்தவர் ஆகிய ஆறு நிரல்கள் போதும். ஒவ்வொரு பில்லையும் போனில் படம் எடுத்து, படத்தின் பெயரை வவுச்சர் எண்ணாக மாற்றி வையுங்கள். சாலையோர டீக்கடையில் பில் கிடைக்காது. ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, தொகை எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அதுவே வவுச்சர். யாராவது சொந்தக் காசில் வாங்கியிருந்தால், அன்று இரவு தங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுத்து எழுதிவிடுங்கள். கால் வலியில் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் மறந்துபோகும்.

5. 'சுருக்கம்' ஷீட்

இங்கே இரண்டு கணக்கு பார்க்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியது = ரொக்க வரவு + வங்கியிலிருந்து எடுத்தது - ரொக்கச் செலவு
வங்கியில் இருக்க வேண்டியது = யுபிஐ வரவு - யுபிஐ செலவு - வங்கியிலிருந்து எடுத்தது

ரொக்கம், யுபிஐ என்று பிரித்துக் கூட்டுவதற்கும் மேலே சொன்ன சம்இஃப்தான். ஏடிஎம்மில் எடுத்த பணத்தை வரவிலோ செலவிலோ எழுதாமல் இந்த ஷீட்டில் தனி செல்லில் வையுங்கள். தினமும் இரவில் பணத்தை எண்ணிப் பார்த்து, பக்கத்துச் செல்லில் எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைய ஒரு நாளில் மட்டும் தேடினால் போதும். நான்கு நாள் கழித்துத் தேடினால் சந்தேகம்தான் மிஞ்சும்.

பணம் வாங்கும்போது கவனிக்க

வசூலுக்குத் தனி சேமிப்புக் கணக்கு வையுங்கள். சம்பளம் வரும் கணக்கில் வசூலும் வந்தால் பிரிப்பது கடினம். க்யூஆர் குறியை அனுப்பும்போது, ஸ்கேன் செய்தால் யார் பெயர் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "நன்கொடை அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. வருமான வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது கேட்பவர்களிடம், நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை, தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்கும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். நாங்கள் அனுப்பியது இதுதான்: "24 பேர் 4 நாள் பழநிக்கு நடக்கிறோம். மொத்தச் செலவு 42,000. எங்கள் பங்கு 18,000. தேவைப்படுவது 24,000. ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு 150 ரூபாய். முடிந்ததைக் கொடுங்கள். திரும்பி வந்த ஒரு வாரத்தில் கணக்கு உங்களுக்கு வரும்."

இரண்டு பணத்தையும் கலக்காதீர்கள்

வரவு ஷீட்டில் 'நோக்கம்' என்று ஒரு நிரல் வைத்தோம் அல்லவா? அது எதற்கு என்று பார்ப்போம். கனடாவில் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின் நோய் திரும்ப வந்ததால் நிறுத்த நேர்ந்தது. பயணத்துக்கான வேனும் காலணியும் நிறுவனங்கள் கொடுத்தவை. மக்கள் கொடுத்த பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. 1981 பிப்ரவரியில் அந்த நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவில் தலைக்கு ஒரு டாலர்.

நம் ஊரிலும் "இதைக் கோயில் உண்டியலில் போட்டுவிடு தம்பி" என்று 100 ரூபாய் கொடுப்பார்கள். அது டீசலுக்கான பணம் ஆகாது. நோக்கம் நிரலில் 'நடைச் செலவு', 'காணிக்கை' என்று பிரித்து எழுதுங்கள். காணிக்கையை ரொக்கமாகவே தனி உறையில் வைத்து, உண்டியலில் போட்ட அன்று செலவு ஷீட்டிலும் ஏற்றிவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் சென்று பிடிஎஃப் தேர்வு செய்து, சுருக்கத்தையும் செலவையும் கொடுத்த அனைவருக்கும் அனுப்புங்கள். போன் எண்ணும் யுபிஐ எண்ணும் அதில் வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலையும் கேட்டவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். 50 ரூபாய் கொடுத்தவரை 5,000 கொடுத்தவருக்குக் கீழே போட்டு அச்சடிக்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்தால் அது என்ன ஆகிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்ததை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, குழுக் கூட்டத்தில் வாசித்தேன். டீக்கடையில் பேசியவரும் இருந்தார். குறைந்ததாக நினைத்த பணம் உண்மையில் குறையவே இல்லை என்றால், பெரியப்பா போட்ட 4,350 ரூபாய் பொதுப் பணத்தில் அதிகமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை எடுத்து அவரிடம் நீட்டினோம். வாங்கவில்லை. "அடுத்த வருசக் கணக்குல மொத ரசீதாப் போடு. ஆனா இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல போடு" என்றார்.

எங்கள் 2025 வரவு ஷீட்டில் ரசீது எண் 1, தொகை 4,350, வழி ரொக்கம். உங்கள் குழுவுக்கும் இன்றே ஒரு ஒர்க்புக் திறந்து வையுங்கள்.