பருத்தித் துணிக்குக் களிமண் பூச்சு

கடலூர் மாவட்டத்தின் மங்களூர் வட்டாரத்தில் பருத்தி விளைகிறது. அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கானின் முக்கிய மூலப்பொருள் வெண்களிமண், அதாவது கயோலின். பருத்திக்கும் இக்களிமண்ணுக்கும் என்ன தொடர்பு?

தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். ஆலைகளில் அக்கஞ்சியோடு வெண்களிமண்ணையும் கலப்பதுண்டு. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். அவை இழைகளின் இடைவெளியை நிரப்புவதால் துணி கெட்டியாகத் தோன்றும், எடையும் கூடும்.

இதுவே ஏமாற்று வேலைக்கும் வழி செய்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வரத்துக் குறைந்தது. அவை இந்தியப் பருத்தியை வாங்கி, களிமண்ணை மிகுதியாகச் சேர்த்து நெய்தன. தறிக்கூடத் தொழிலாளர் களிமண் தூசியைச் சுவாசித்து அவதியுற்றனர். துணியை வாங்கியவர் அதைத் துவைத்ததும் களிமண் கரைந்தோடியது. மெல்லிய துணியே மிஞ்சியது.

ஏன்? களிமண்ணுக்கும் பருத்திக்கும் இடையே வேதிப்பிணைப்பு இல்லை. கஞ்சிதான் பசை. அது நீரில் இளகினால் களிமண்ணும் போய்விடும்.

அப்படியானால் களிமண்ணை நிலைக்கச் செய்வது எப்படி? களிமண் தகடுகளின் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. 2010இல் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தினர். நேர்மின்னூட்டமுள்ள பாலிமர் கரைசலிலும் களிமண் கலந்த நீரிலும் பருத்தித் துணியை மாறி மாறித் தோய்த்தனர். இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து, அடுக்கடுக்காகப் படிந்தன. அத்துணியைத் தீயில் சோதித்தபோது அதன் நெசவு அமைப்பு அழியாமல் எஞ்சியது. சாதாரணத் துணியோ எரிந்து சாம்பலாயிற்று.

செய்து பாருங்கள்

கனிமப் பொருளால் துணியின் பண்பு மாறுவதை வீட்டிலேயே காணலாம். இதற்குப் படிகாரம் போதும். ஒரு பருத்தித் துண்டை வெதுவெதுப்பான சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழியுங்கள். பிறகு படிகாரக் கரைசலில் தோய்த்து உலர்த்துங்கள். சலவைத்தூள் கூடாது, சோப்பே வேண்டும். உலர்ந்த துணியிலும் சாதாரணத் துணியிலும் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சாதாரணத் துணி நீரை உறிஞ்சிவிடும். மற்றதில் நீர் முத்துப்போல் நிற்கும். படிகாரத்திலுள்ள அலுமினியமும் சோப்பும் சேர்ந்து நீரில் கரையாத அலுமினியச் சோப்பாக இழைமேல் படிந்ததே காரணம்.

அத்துணியைப் பலமுறை துவைத்து, ஒவ்வொரு முறையும் சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். பூச்சு எத்தனை சலவை தாங்குகிறது என்பதே அதன் தரத்தைச் சொல்லும்.