டிவி அம்மாவுக்கு, ஆட்டம் யாருக்கு?

கேள்வி: சென்னையில் தனியாக இருந்தபோது பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன். இப்போது வேலை தென்காசிப் பக்கமே வந்துவிட்டது. வீட்டில் கைக்குழந்தை. ஹாலில் இருக்கும் ஒரே டிவியில் அம்மாவின் சீரியல். குற்றாலம் சீசன் வந்தால் உறவினர் கூட்டம் வேறு. பிளேஸ்டேஷனை விற்றுவிட்டு, கையில் வைத்து விளையாடும் கருவி வாங்கிவிடலாமா?
- வாசகர், இலஞ்சி

பதில்: விற்க வேண்டாம். டிவியை மட்டும் அம்மாவுக்கே விட்டுவிடுங்கள்.

கையடக்கக் கருவி என்றாலே பயணத்துக்கு என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அதன் பிறப்பும் அப்படித்தான். நிண்டெண்டோ பொறியாளர் குன்பெய் யோகோய், புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தார் என்றும், 1980இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' கருவிக்கு அதுவே வித்து என்றும் சொல்வார்கள். ஆனால் நம் ஊரில் 90களில் பிரிக் கேம் வைத்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதை ரயிலில் ஆடினார்கள்? டிவியில் கேசட் போட்டு மரியோ ஆட வீட்டில் விடவில்லை. பென்சில் பேட்டரி போட்டு மூலையில் உட்கார்ந்தார்கள். இன்று உங்கள் வீட்டு நிலவரமும் ஏறக்குறைய அதுவே.

குழந்தை பிறந்த வீட்டில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. இருபது நிமிடம் கிடைக்கும், அதுவும் எப்போது என்று தெரியாது. பிளேஸ்டேஷன் 5இலும் 'ரெஸ்ட் மோட்' உண்டு. விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால் தொடர டிவி காலியாக வேண்டுமே! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆன்லைனில் பிறரோடு மோதும் ஆட்டத்தை எந்தக் கருவியிலும் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது. குழந்தை அழுதால் தோல்விதான். கொஞ்ச காலம் தனியாக ஆடும் கதை விளையாட்டுகளே நல்லது.

முதலில் காசு செலவில்லாத வழியைப் பாருங்கள். சோனியின் 'ரிமோட் ப்ளே' செயலி இலவசம். அதைப் போனில் ஏற்றி, இருக்கிற கன்ட்ரோலரை புளூடூத்தில் இணைத்தால், ஹாலில் டிவி சீரியல் காட்டிக்கொண்டிருக்க, பிளேஸ்டேஷன் ஆட்டம் படுக்கையறையில் உங்கள் போனில் ஓடும். ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். படம் திக்கித் திணறினால் வைஃபை ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். முடிந்தால் பிளேஸ்டேஷனை கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள்.

ஆட்டம் சீராக ஓடி, போன் திரைதான் சிறிதாகத் தெரிகிறது என்றால், இதே வேலையைச் செய்யும் சோனியின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்கலாம். 2025 ஏப்ரலில் 18,990 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 8 அங்குலத் திரை. குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும், 15 இருந்தால் நல்லது என்கிறது சோனி. ஆட்டம் ஓடுவது உங்கள் வீட்டுப் பெட்டியில். போர்ட்டலுக்கு வருவது படம் மட்டுமே. ஆகவே பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும் இரவில் இதை நம்பாதீர்கள்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் ரயிலுக்கும் ஆகும், டிவிக்கும் ஆகும். சந்தேகமே இல்லை. ஆனால் 2017இல் உலகச் சந்தைக்கு வந்த அந்தக் கருவியை நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவில்லை. இங்கே கிடைப்பது இறக்குமதிச் சரக்கு; பழுதானால் வாரன்டிக்கு அலைய வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த பிளேஸ்டேஷன் விளையாட்டு ஒன்றுகூட அதில் ஓடாது.

தவிர, சீசனுக்கு வரும் அக்கா பிள்ளைகள், மாமா பிள்ளைகளைச் சமாளிக்க ஆளுக்கொரு கருவியா வாங்குவீர்கள்? டிவியில் மாட்டிய ஒரு பெட்டி, இரண்டு கன்ட்ரோலர் போதும். அந்த நாட்களில் சீரியல் விட்டுக்கொடுக்கும், பாருங்கள்.

கடைசியாக, சாரல். ஸ்விட்ச் இயங்க ஏற்ற ஈரப்பதம் 20 முதல் 80 சதவீதம் வரை என்கிறது நிண்டெண்டோ. ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் காற்றின் ஈரம் அந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எந்தக் கருவியானாலும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பும்போது எடுத்துப் போகவே வேண்டாம். போர்ட்டலுக்கும் சரி, ஸ்விட்சுக்கும் சரி, தண்ணீர் தாங்கும் தரச்சான்று கிடையாது.