மென்பொருளுக்கும் காப்புரிமை உண்டா?

குடுபல்லியில் என் தம்பி புகைப்பட நிலையம் வைத்திருக்கிறான். அவன் மகன் கல்யாணப் படங்களைத் திருத்துவதற்குத் தானே ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறான். சென்ற முறை ஊருக்குப் போனபோது காட்டினான். "பெரியப்பா, பார்க்க ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கிறதே, கேஸ் போடுவார்களா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நம்மவர் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள் அல்லவா?

பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு. ஒருவரது சமையல் புத்தகத்தை அப்படியே அச்சடித்தால் பதிப்புரிமை மீறல். அப்புத்தகத்தைப் பார்க்காமலே, நாமாகக் கண்டுபிடித்து அதே முறையில் சமைத்தாலும் குற்றம் என்றால், அது காப்புரிமை.

ஒரு வழக்கைப் பாருங்கள். படத்திருத்த மென்பொருளில் திரையோரம் வண்ணம், எழுத்து என்று சிறு பலகங்கள் இருக்கும். அவற்றை ஒன்றாக அடுக்கி, வேண்டும்போது தலைப்பைப் பிடித்து இழுத்துப் பிரிக்கும் முறைக்கு அடோபி நிறுவனம் 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. போட்டியாளரான மேக்ரோமீடியா அதை மீறியதாக 2000 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. மேக்ரோமீடியாவும் தன் காப்புரிமைகளைக் காட்டி எதிர்வழக்குப் போட்டது. 2002 மே மாதம் அடோபிக்கு 28 லட்சம் டாலர் என்று தீர்ப்பாயிற்று; சில நாட்களிலேயே மேக்ரோமீடியாவுக்கு 49 லட்சம் டாலர் என்று இன்னொரு தீர்ப்பு! அவ்வாண்டே சமரசமாகிவிட்டார்கள். 2005இல் அடோபி மேக்ரோமீடியாவையே விலைக்கு வாங்கியது. இல்லஸ்ட்ரேட்டருக்குப் போட்டியாக இருந்த ஃப்ரீஹேண்டின் வளர்ச்சி 2007இல் நின்றது. கையில் காப்புரிமைகள் இருந்ததால் மேக்ரோமீடியா வழக்கிலாவது தாக்குப்பிடித்தது. தம்பி மகனிடம் இருப்பது ஒரு கணிப்பொறி, அதுவும் பழசு.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி, வெறும் கணிப்பொறி நிரல் கண்டுபிடிப்பு ஆகாது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இதைத் தளர்த்தியது. 2005இல் நாடாளுமன்றம் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆனால் 'வெறும்' என்பதில்தான் சிக்கல். தொழில்நுட்பப் பயன் காட்டும் விண்ணப்பங்களுக்கு இங்கும் காப்புரிமை கிடைக்கிறது.

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இப்போது பொதுவாக விண்ணப்பித்ததிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள். அந்தப் பலகக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது; அவன் பலகங்களுக்குப் பயமில்லை. அமெரிக்காவில் விற்பதென்றால் மட்டும் அங்குள்ள காப்புரிமைகளைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். இணையத்தில் இலவசமாகவே தேடலாம். தேடிக்கொண்டிருக்கிறான். முகச்சுருக்கம் நீக்கும் பகுதியை இன்னும் விற்பனைக்கு விடவில்லை.