இடைவெளி விட்டால் போதுமா?

அன்புள்ள மாணவிக்கு,

படர்தாமரைக்கு இட்ராகொனசோல் எழுதிய சீட்டோடு வருபவர் கொழுப்புக்காக ஏற்கெனவே சிம்வாஸ்டாடின் போடுகிறவராக இருந்தால், முதலாவதைக் காலையிலும் இரண்டாவதை இரவிலும் போடச் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். போதாது. சிம்வாஸ்டாடினை இரவில் போடுவதுதான் வழக்கம் என்பதால் இந்த யோசனை இயல்பாகவே தோன்றிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்களே இதைச் சொல்லக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்பவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது, பாதுகாப்பு வருவதில்லை. நிம்மதி வந்தபின் அவர் யாரிடமும் மறுபடி கேட்கவும் மாட்டார்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார். இரைப்பையில் நடக்கும் மோதல்களுக்கு இடைவெளி உண்மையிலேயே உதவும். இட்ராகொனசோல் காப்ஸ்யூல் கரைய அமிலம் வேண்டும். அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு அதைப் போடச் சொல்கிறோம். அமிலத்தைத் தணிக்கும் சிரப்பை அதோடு சேர்த்துக் குடித்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பழுதில்லை. ஆனால் இங்கேகூட அந்த விதி பாதி வழிதான் வரும். ‘கேஸ் மாத்திரை’ என்று ஊரே விழுங்கும் பான்டோபிரசோல் அமிலச் சுரப்பையே நாள் முழுக்க அடக்கிவைக்கிறது. அதைக் காலையில் போட்டுவிட்டு இட்ராகொனசோலை மதியம் போட்டாலும் வயிற்றில் அமிலம் குறைவாகவே இருக்கும். தொற்று ஆறவில்லை என்று மருந்தைக் குறை சொல்பவர்களிடம் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நீ கேட்ட மோதல் கல்லீரலிலும் குடல் சுவரிலும் நடப்பது. பூஞ்சை தன் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீராலைச் செய்துகொள்ள சைட்டோக்ரோம் பி-450 குடும்பத்து நொதி ஒன்றை நம்பியிருக்கிறது. இட்ராகொனசோல் போன்ற அசோல் வகை மருந்துகள் அந்த நொதியின் நடுவிலுள்ள இரும்பணுவைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகின்றன. நம் உடம்பில் எண்ணற்ற மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் 3ஏ4 என்ற நொதியும் அதே குடும்பம், அதற்கும் நடுவில் அதே இரும்பு. பூஞ்சையைக் கொல்லும் வேதியியலும் பக்கத்து மருந்தைத் தேங்கவைக்கும் வேதியியலும் ஒன்றேதான். பாடப்புத்தகங்கள் இவற்றை ‘செயல்’ என்றும் ‘ஊடாட்டம்’ என்றும் இரண்டு அத்தியாயங்களில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. தொடர்ந்து போடும்போது இட்ராகொனசோலின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. நிறுத்திய பிறகு முழுதாக வெளியேற ஒன்று முதல் இரண்டு வாரம். சாக்கடை அடைத்துக் கிடக்கும்போது தண்ணீரைக் காலையில் ஊற்றினால் என்ன, இரவில் ஊற்றினால் என்ன? ஊகமாகச் சொல்லவில்லை. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1990-களில் இதை நேராகவே சோதித்தார்கள். இட்ராகொனசோல் ஒரே ஒரு வேளை கொடுத்து, ட்ரையசோலம் என்ற தூக்க மாத்திரையை உடனேயும், 3, 12, 24 மணி நேரம் கழித்தும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லா இடைவெளியிலும் அது ரத்தத்தில் பல மடங்கு ஏறியது. வேறொரு சோதனையில் சிம்வாஸ்டாடினின் செயல்படும் வடிவம் ஏறியதோ ஏறக்குறைய 19 மடங்கு. அந்த அளவில் தசைநார்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகமே பழுதாகலாம்.

டெர்ஃபெனடின் கதையைச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனம் வராது. தூக்கம் வரவழைக்காத ஒவ்வாமை மாத்திரை என்று 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அமோகமாக விற்றது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு நோயாளியின் விவரத்தைத் தேடிப் படி. மருந்தியலில் அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 39 வயதுப் பெண். டெர்ஃபெனடினை வழக்கமான அளவில்தான் போட்டுவந்தார். எட்டாம் நாள், வெள்ளைப்படுதலுக்காகத் தாமாகவே கீட்டோகொனசோல் என்ற அசோல் மருந்தையும் போட ஆரம்பித்தார். படபடப்பும் மயக்கமும் வந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டெர்ஃபெனடின் குடலிலும் கல்லீரலிலும் 3ஏ4 வழியாக அநேகமாக முழுவதும் வேறு பொருளாக மாறிவிடுவது. மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தென்படுவதே அரிது. அந்தப் பெண்ணின் ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தது. மாறாத அந்த மருந்துதான் இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைப்பது. ஒவ்வாமையைத் தணித்துவந்ததோ மாறிய பொருள். அதுவே ஃபெக்ஸோஃபெனடின் என்ற பெயரில் 1996-இல் அனுமதி பெற்றது. டெர்ஃபெனடின் 1998-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. இன்று படர்தாமரையின் அரிப்புக்கு இட்ராகொனசோலோடு ஃபெக்ஸோஃபெனடின் எழுதிய சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வரலாற்றை நினைத்துக்கொள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது இரண்டு மாத்திரைகள் வயிற்றில் சந்தித்ததால் வந்த வினையல்ல.

எத்தனையோ பேர் இப்படிச் சேர்த்துப் போடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். உண்மைதான். பல மருந்துகளின் அளவு இரட்டித்தாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். அட்டோர்வாஸ்டாடின் மும்மடங்கு ஏறியும் பலருக்குத் தொந்தரவு தெரிவதில்லை. வார்ஃபரின், ஃபெனிடாயின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் போடும் டாக்ரோலிமஸ் போன்றவற்றுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒரே ஒரு மாத்திரைதானே என்பது அடுத்த வாதம். அசோல் வகையிலேயே ஃபுளுகொனசோல் 150 மில்லிகிராம் ஒன்றே ஆனாலும் அரை ஆயுள் சுமார் 30 மணி நேரம்; போக ஒரு வாரம் ஆகும். அது 2சி9 என்ற நொதியை முடக்குகிறது. சர்க்கரை நோய்க்கான கிளிமெபிரைடு வெளியேறுவது அந்த வழியில்தான். பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருவதும் சர்க்கரை நோயாளிக்குத்தான். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? நேரத்தை மாற்றுவதற்குப் பதில் மருந்தை மாற்றலாமா என்று எழுதியவரிடமே கேட்கச் சொல். சிம்வாஸ்டாடினை அந்தச் சில வாரங்கள் நிறுத்திவைக்கலாம், அல்லது 3ஏ4-ஐ அவ்வளவாக நம்பாத ரோசுவாஸ்டாடினுக்கு மாறலாம். வார்ஃபரின் என்றால் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே வைத்து அளவைக் குறைக்கலாம். பூஞ்சைக்கே இன்னொரு மருந்தான டெர்பினாஃபின் 3ஏ4-ஐத் தொடுவதில்லை. ஆனால் 2டி6 என்ற நொதியை முடக்கும் என்பதால் மெட்டோப்ரோலாலும் அமிட்ரிப்டிலினும் போடுபவர்களிடம் அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இட்ராகொனசோலே ஆகாது. நகப்பூஞ்சைக்காக என்றால் பேச்சே இல்லை. இவற்றை முடிவு செய்வது மருத்துவர், நீயல்ல. ஆனால் அவர் முடிவு செய்யத் தேவையான தகவல் கவுன்டரில்தான் கிடைக்கும். ‘இப்போது வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. ‘போன இரண்டு வாரத்தில் பூஞ்சைக்கு, அரிப்புக்கு, படைக்கு ஏதாவது விழுங்கினீர்களா’ என்றும் கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்