மீசைப்புலிமலையா, பரம்பிக்குளமா?

பொங்கல் விடுமுறைக்கு மலையேறக் கிளம்பும் பலர் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, வானிலையைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். கேரள எல்லை மலைகளில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளமும் நெல்லியாம்பதியும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறும் மீசைப்புலிமலையும் இருக்கின்றன. வரைபடத்தில் அடுத்தடுத்து இருந்தாலும் தை மாத இரவில் இவை இரண்டு வேறு உலகங்கள்.

முதல் காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். பரம்பிக்குளம் காப்பகம் சுமார் 300 மீட்டரில் தொடங்கி 1,438 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மீசைப்புலிமலையின் உச்சியோ 2,640 மீட்டர்; தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியைவிட 55 மீட்டர்தான் குறைவு.

ஆனால் உயரம் மட்டுமே குளிரைத் தீர்மானிப்பதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். அப்போது குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மூணாறைச் சுற்றிச் செண்டுவாரை, லெட்சுமி போன்ற எஸ்டேட்டுகளின் தாழ்வான புல்வெளிகள் விடியலில் வெள்ளையாகக் கிடக்கின்றன. 2019 ஜனவரியில் அடித்த உறைபனியில் தேயிலைச் செடிகள் கருகின. உச்சியில் உறைபனி குறைவாக இருந்தாலும் காற்று உடம்பைத் துளைக்கும். ஏறும்போது வியர்த்த பருத்திச் சட்டை அங்கே நின்றதும் சில்லிட்டுவிடும். ஆகவே தடித்த ஒற்றை ஸ்வெட்டரை நம்பாதீர்கள். மெல்லிய கம்பளி உடைகளை அடுக்காகப் போட்டுக்கொண்டு, ஏறும்போது கழற்றி, நிற்கும்போது மாட்டுங்கள். காதை மூடும் குல்லாவும் மாற்றுக் காலுறையும் கட்டாயம். இறங்கும்போது பனி நனைத்த புல் வழுக்கும்; வெயில் ஏறிய பிறகு இறங்குவதே நல்லது.

மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு அருகிலுள்ள கொழுக்குமலை உண்டு. அது தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். விடியலைப் பார்க்க இருட்டிலேயே கிளம்புவார்கள். சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதி யானைகள் நடமாடும் இடம். அரிக்கொம்பன் என்ற காட்டுயானை 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டது இங்கேதான். இருட்டில் ஜீப்பை விட்டு இறங்கி நடக்காதீர்கள்.

பரம்பிக்குளத்தின் தை மாதம் இதமானது. தென்மேற்கு மழை ஓய்ந்து மாதங்கள் ஆகியிருக்கும், அட்டைத் தொல்லையும் குறைந்திருக்கும். 2010 முதல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டில் தனியாக நடக்க அனுமதியில்லை. வனத்துறை அனுப்பும் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். காட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் அறிந்த பழங்குடி வழிகாட்டி அமைந்தால் அது உங்கள் பாக்கியம். கேரளக் காடு என்றாலும் சாலை தமிழ்நாட்டு வழிதான்: பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப். இங்கே நிற்கும் கன்னிமாரா என்ற பெரிய தேக்கு மரத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

குளிரில் நெல்லியாம்பதி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதால், கிழக்கிலிருந்து கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வரும் பனிக்காலக் காற்று இங்கே பலமாக வீசும். சீதார்குண்டு பாறை விளிம்பில் நின்று படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிசம்பர் முதல் பாதி குளிர்காலம்போல் தோன்றினாலும், தேனியை ஒட்டிய இடுக்கியின் கிழக்கு மலைகளில் அப்போது வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானாலே உச்சி மேகத்துக்குள் போய்விடும். மார்கழிக் கடைசியிலிருந்து தை முடியும்வரை உச்சிக்குச் சரியான காலம். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி ஈனுவதற்காக மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடுவது வழக்கம். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோ முதியவர்களோ கூட வந்தால், தயங்காமல் பரம்பிக்குளம் போங்கள். முழங்கால் வலுவாக இருந்து, குளிரைத் தாங்கும் உடையும் கையில் இருந்தால் மீசைப்புலிமலை. ஆனால் பிப்ரவரி பாதிக்கு மேல் புல்மலைகள் வேண்டவே வேண்டாம். பனியில் கருகிக் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த மாதமானாலும் அனுமதியில்லாத பாதையில் யார் அழைத்தாலும் போகாதீர்கள். குளிருக்காகக்கூட மலையில் நெருப்பு மூட்டாதீர்கள்.