தன்னியக்கத் தொழிற்கல்வியும் தக்க பாடநெறியும்

உயர்தரப் பரீட்சை எழுதிக் கல்லூரியினின்று நீங்கும் மாணவர் யாவரும் பல்கலைக்கழகம் புகுவதில்லை. புகாதாருட் பலர் தொழிற்கல்வியை நாடுகின்றனர். அவர்தம் உள்ளத்தைக் கவரும் துறைகளுள் ஒன்று, ஆலைகளில் இயந்திரங்கள் தாமே இயங்குமாறு அமைக்கும் தன்னியக்கக் கட்டுப்பாட்டுத் துறை. இதனைக் கற்பிப்பதாகக் கூறும் விளம்பரங்கள் பல. அன்னையின் தாலிக்கொடியை ஈடுவைத்துச் செலுத்தும் பணமும், மைந்தன் செலவிடும் இளமைக் காலமும் வீண்போகாதிருத்தற்கு, பாடநெறியை எவ்வாறு ஆராய்ந்து தெரிதல் வேண்டும் என்பதை ஈண்டு நோக்குவாம். இதனை எழுதுவோன் பொறியியலாளன் அல்லன். ஆயினும், ஒரு பாடநெறி மாணவனுக்கு உண்மையிற் கற்பிக்குமா என ஆய்தல் ஆசிரியத் தொழிலின் பாற்பட்டதேயாம்.

துறையின் இயல்பு

கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பியை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் நீர்மட்டத்தை அறிவது உணரி. அது தரும் செய்தியைப் பெற்று முடிவு செய்வது கட்டுப்படுத்தி. அம்முடிவின்படி தொழிற்படுவது பம்பி. பம்பி ஓடியதன் விளைவாகிய நீர்மட்ட உயர்ச்சி மீண்டும் உணரியை அடைகின்றது. இதனைப் பின்னூட்டல் என்பர். நீர்மட்டத்துக்கு ஒரே குறி வைத்தால், நீர் சிறிது தாழ்ந்ததும் பம்பி ஓடும். சிறிது உயர்ந்ததும் நிற்கும். இங்ஙனம் ஓயாது ஓடியும் நின்றும் மோட்டர் விரைவிற் பழுதுறும். ஆதலின், தாழ்குறியில் ஓடவும் உயர்குறியில் நிற்கவும் இரு குறிகள் வைப்பர். பேராலைகளில் வெப்பநிலை, அமுக்கம், நீரோட்டம் முதலியவற்றை ஆளும் தொகுதிகளும் இவ்வடிப்படையின் விரிவேயாம்.

வரலாறு தரும் பாடம்

முற்காலத்தில் ஆலைகளின் இயக்க ஒழுங்கை ரிலேக்களையும் கம்பிகளையும் பிணைத்து அமைத்தனர். கார்களின் அமைப்பு மாறுந்தோறும் அக்கம்பிகளை அவிழ்த்து மீளப் பிணைத்தல் வேண்டியிருந்தது. இவ்விடரை நீக்க, 1968இல் அமெரிக்காவில் டிக் மோர்லி என்பாரும் அவர்தம் குழுவினரும் நிரலால் மாற்றத்தக்க கட்டுப்படுத்தியை வகுத்தனர். இதுவே இன்று பி.எல்.சி. என வழங்குவது. ரிலே வரைபடத்தை முன்னரே அறிந்த மின்தொழிலாளர் எளிதிற் பயிலும்பொருட்டு, ஏணி போன்ற வடிவில் நிரல் எழுதும் முறை அமைக்கப்பட்டது. கருவி மாறியபோதும், அதன் தருக்கத்தை அறிந்தவர்க்குப் புதிய கருவியும் விரைவில் வசப்பட்டது. கருவி மாறும், தருக்கம் நிலைக்கும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.

கேட்கவேண்டிய வினாக்கள்

முதலாவது, அடிப்படை யாது? மின்னோட்டம், மின்னழுத்தம், மூன்று அவத்தை மின்சாரம், மோட்டரைத் தொடக்கும் முறை ஆகியவற்றைக் கற்பியாது நேரே நிரல் எழுதப் புகும் பாடநெறி, எழுத்தறியாதானுக்கு யாப்பிலக்கணம் கற்பிப்பதை ஒக்கும்.

இரண்டாவது, மாணவனின் கை எத்தனை மணிநேரம் கருவியிற் படும்? ஒரு கட்டுப்படுத்திக்கு எத்தனை மாணவர் எனக் கேட்டறிதல் வேண்டும். கணினித் திரையிற் காட்டும் போலி இயந்திரம் தொடக்கத்துக்கு உதவும். எனினும், தளர்ந்த கம்பியும் தேய்ந்த தொடுகையும் திரையிற் கிட்டா. வகுப்பின் முன் நின்று கற்பித்தாலன்றி ஆசிரியப் பயிற்சி நிறைவுறாதது போன்றதே இதுவும்.

மூன்றாவது, ஒரு கம்பனியின் கருவியை மட்டுமோ, பொதுநெறியையுமோ கற்பிப்பது? நிரல் மொழிகளுக்கான ஐ.ஈ.சி. 61131-3 என்னும் சர்வதேச நியமம் 1993இல் வெளிவந்தது. அந்நியமத்தின் வழிக் கற்றவன் சீமென்ஸ் கருவியில் தொடங்கினும் பின்னர் மிற்சுபிசி கருவிக்கு மாறுதல் எளிது.

நான்காவது, "ஏன்" என்பதற்கு அங்கே விடை உண்டா? உணரியின் செய்தியைப் பெரும்பாலும் 4 முதல் 20 வரையான மில்லியம்பியர் மின்னோட்டமாக அனுப்புவர். பூச்சியத்தில் ஏன் தொடங்கவில்லை? வெறுந்தொட்டிக்கு 4 எனக் கொண்டால், கம்பி அறுந்துழி மின்னோட்டம் 0 ஆகும். தொட்டி வெறுமையானதும் கம்பி அறுந்ததும் வேறுவேறாகப் புலப்படும். அவ்வாறே, அவசர நிறுத்தப் பொத்தானின் தொடுகை இயல்பில் மூடியிருக்குமாறு அமைக்கப்படுகின்றது. கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். இதனை அறியாது கம்பி பிணைப்பவன் பிறர் உயிரோடு விளையாடுபவன் ஆவான். இத்தகைய காரணங்களை விளக்கும் ஆசிரியர் உள்ள இடமே கற்றற்குரிய இடம்.

ஐந்தாவது, பழுது கண்டறியும் பயிற்சி உண்டா? ஆசிரியர் வேண்டுமென்றே பழுதொன்றை மறைத்து வைக்க, மாணவர் அளந்தும் ஆராய்ந்தும் அதனைக் காணல் வேண்டும். ஆலையில் இயந்திரம் நின்ற வேளையிற் பயன்படும் திறன் இதுவே.

சான்றிதழ் பற்றி

இலங்கையில் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு பெற்றிருத்தல் வேறு; குறித்த அப்பாடநெறி தரச்சான்று பெற்றிருத்தல் வேறு. பணம் செலுத்துமுன் இவ்விரண்டனையும் ஆணைக்குழுவிடமே வினவி அறிதல் நன்று. விளம்பரத் தாளில் உள்ள சின்னத்தை மட்டும் நம்புதல் தகாது.

இன்னுமொன்று கூறல் கடன். கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பொருளைத் தமிழிற் சிந்தித்துத் தெளிந்த மாணவனுக்கு அக்கையேட்டை வாசிக்கும் அளவு ஆங்கிலம் அரிதன்று. தமிழை விட்டு ஆங்கிலத்தை மட்டும் பற்றுவதும், ஆங்கிலத்தை அஞ்சி ஒதுக்குவதும் ஒருங்கே தவறாம்.

முடிவுரை

மாணவர்காள்! பாடநெறியின் பெயரில் மயங்காது, பயிற்சிக்கூடத்தை நேரிற் சென்று காண்மின். அங்கே முன்னர்ப் பயின்றோர் எங்கே தொழில் செய்கின்றனர் எனக் கேண்மின். பழைய மாணவராகிய பெரியோரே! ஆலைகளிலும் கடல்கடந்த நாடுகளிலும் இத்துறையிற் பணியாற்றுவோர் உங்களுள் உளர். இளையோன் ஒருவனை ஒரு நாள் உங்கள் தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்று காட்டுவீராயின், அவன் ஓராண்டு தவறான வழியிற் செல்வதைத் தடுத்தவராவீர். பயன்பாட்டினின்று நீக்கிய கட்டுப்படுத்தி ஒன்றைக் கல்லூரிக்கு உதவுவீராயின், பல மாணவரின் கைகள் அதனாற் பழகும். இந்த விழா ஆண்டிற் கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன்களுள் இதுவும் ஒன்றாகுக.