நாளும் பொழுதும் குறிக்கும் கருவிகள்

காலத்தை அளந்தறிதலும், அறிந்ததைப் பிறர்க்குப் பிழையின்றி உணர்த்துதலும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. முதற்பொருள் இன்னதென வகுத்த தொல்காப்பியனார் நிலத்தோடு பொழுதையும் உடன்வைத்து ஓதியமை நம் மாணவர் யாவரும் அறிந்ததே. இக்காலத்து அப்பொழுதினைத் தாளில் எழுதுவதினும் கணிப்பொறித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் குறிப்பதே மிகுதியாயிற்று. கல்லூரியிற் சேர விண்ணப்பிப்போரும், இரயிலில் இடம் பதிவோரும், மருத்துவரைக் காண நேரம் கேட்போரும் ஒரு தேதியைக் குறித்த பின்னரே மேற்செல்லல் இயலும்.

செயல் சிறிது, ஆயின் அதிற் பிழை நேரின் விளைவு பெரிது. பிறந்த நாள் மாறிப் பதிந்தமையால் சான்றிதழ்கள் தம்முள் முரண்பட, அவற்றைத் திருத்தற்பொருட்டு அலுவலகந்தோறும் அலைவோர் உளர். பயணநாள் மாறியமையால் வண்டியை இழந்து நிற்போரும் உளர். இத்தகையோரைக் கவனமில்லார் எனப் பழித்தல் உலக வழக்கு. அப்பழி பெரும்பாலும் கருவியை வகுத்தோரையே சார்தற்குரியது என்பதும், அக்கருவி எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிந்து கொள்வாம். தேதி என்பது கணிப்பொறிக்கு ஒரே தன்மையது. அதனைக் குறிக்கும் மனிதர்க்கோ மூவகைப்படும். நினைவிலிருந்து கூறப்படுவது ஒன்று. ஓர் ஆவணத்தைப் பார்த்துப் பெயர்த்தெழுதப்படுவது ஒன்று. பல நாள்களுள் இஃதே ஏற்றதெனத் தேர்ந்து கொள்ளப்படுவது ஒன்று. இம்மூன்றும் மனத்தின் வேறு வேறு தொழில்கள். ஆதலின் இவற்றுக்குரிய கருவிகளும் வேறு வேறாதல் வேண்டும். மூன்றற்கும் ஒரே நாட்காட்டியை வைத்துவிடுதலே இடர்கள் பலவற்றிற்குக் காரணம்.

இவற்றுள், நினைவிலுள்ள தேதியை முதலில் நோக்குவாம். இதற்குத் தலையாய எடுத்துக்காட்டுப் பிறந்த நாள். ஒருவர் தாம் பிறந்த நாளைத் தேட வேண்டுவதில்லை. அதனை அவர் முன்னரே அறிவார். அவர்க்கு வேண்டுவது எழுதுதற்கு ஓர் இடமே. அங்ஙனமாகவும், பல படிவங்கள் நடப்பு மாதத்தின் நாட்காட்டியைத் திறந்து காட்டி, அம்புக்குறியை அழுத்தி மாதம் மாதமாகப் பின்செல்லுமாறு விடுகின்றன. 2025 சனவரியிலிருந்து 1945 சனவரிக்குச் செல்ல எண்பது ஆண்டுகள், அஃதாவது 960 மாதங்கள், பின்செல்லல் வேண்டும். ஆண்டினைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் திறக்கும் வகையில் அமைந்த நாட்காட்டிகளும் உள. ஆயின் அவ்வாண்டு எழுத்துத் தொடத்தக்கது என்பதை முதியவர் ஒருவர் எங்ஙனம் அறிவார்?

இவ்விடத்து நாள், மாதம், ஆண்டு என மூன்று தனிக் கட்டங்களை வைத்து, எண்களைத் தட்டெழுதச் செய்தலே நேரிய வழி. ஐக்கிய இராச்சிய அரசு தன் இணையச் சேவைகட்கு வகுத்துள்ள வடிவமைப்பு நெறி, நினைவிலுள்ள தேதிகட்கு இம்முறையையே கூறுகின்றது. ஒரு கட்டம் நிரம்பியவுடன் அடுத்ததற்குத் தானாகவே தாவும் அமைப்பினை அந்நெறி விலக்குகின்றது. அத்தாவல் விரைவு தருவது போலத் தோன்றினும், விசைப்பலகையின் இயல்பான வழக்கத்தோடு முரணி, எழுதுவோரைக் குழப்பும். திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணைகொண்டு எழுதும் பார்வையற்றோர்க்கு, தாம் எக்கட்டத்தில் நிற்கின்றோம் என்பதே விளங்காது போம்.

சிலர் எண்களை உருளைபோற் சுழற்றும் கருவியை விரும்புவர். ஆண்டுகள் நூறு உருளும்போது நடுங்கும் கையுடையார் வேண்டிய ஆண்டில் அதனை நிறுத்தல் அரிது. எல்லார்க்கும் எட்டும் இணையப் பக்கங்களை அமைத்தற்கென உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறையின் 2.2ஆம் பதிப்பு இவ்வகை இடர்களைக் கருதியதே. விரலால் இழுத்து இயக்கும் கருவிகட்கு, இழுக்காமல் தொட்டு இயக்கும் வழியொன்றும் இருத்தல் வேண்டும் என்றும், தொடும் இலக்கு சில விலக்குகள் நீங்கலாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் அளவினதாதல் வேண்டும் என்றும் அது வரையறுக்கின்றது. நாட்காட்டியில் நெருங்கி நிற்கும் சிறு கட்டங்கட்கும் இவ்வளவு பொருந்தும்.

பிறந்த நாளைப் பற்றிப் பிறிதொன்றும் கூறற்பாலது. நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது 1969ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்டும், அதன் பின்னர்ப் பல்லாண்டு வரையிலும், பதிவின்றிப் பிறந்தோர் எண்ணற்றோர். அவருட் பலர் தாம் பிறந்த ஆண்டினை மட்டுமே, அதுவும் தோராயமாகவே, அறிவர். பிறந்த ஆண்டு மட்டுமே அச்சிடப்பட்ட ஆதார் அட்டைகள் பல வழங்கப்பட்டமை இதற்குச் சான்று. நாளும் மாதமும் நிரப்பினாலன்றி மேற்செல்ல விடாத படிவம், இத்தகைய ஒருவரைப் பொய்யான நாளொன்றைப் புனைந்து எழுதுமாறு வற்புறுத்துகின்றது. பின்னொரு நாள் வேறொரு படிவத்தில் வேறொரு நாள் எழுதப்படும். இரண்டும் ஒவ்வாமையால் ஓய்வூதியமோ பிற உதவியோ தடைப்படும். ஆதலின், ‘ஆண்டு மட்டும் தெரியும்’ என்று கூறுதற்கு ஓர் இடம் விடுதல் அறமும் அறிவுமாம்.

இனி, பெயர்த்தெழுதும் தேதியைக் கூறுவாம். இதற்கு விதி ஒன்றே: ஆவணத்தில் எம்முறையில் அச்சிடப்பட்டுள்ளதோ அம்முறையிலேயே படிவமும் கேட்டல் வேண்டும். வங்கி அட்டையின் முடிவுக்காலம் மாதத்திற்கு ஈரிலக்கமும் ஆண்டிற்கு ஈரிலக்கமுமாகப் பொறிக்கப்படுவது வழக்கம். அதில் நாள் இல்லை. ஆதலின் நாட்காட்டிக்கு அங்கே வேலையும் இல்லை. மாதத்தைப் பெயராற் கேட்டு, ஆண்டினை நான்கிலக்கமாகக் கேட்கும் படிவம், கண்ணாற் கண்டதை மனத்தால் மாற்றி எழுதுமாறு ஏவுகின்றது. மாற்றும் தொழிலைப் பொறியே மேற்கொள்ளலாகாதோ?

மூன்றாவதாகிய தேர்ந்தெடுக்கும் தேதிக்கே நாட்காட்டி உரித்து. பயணம் செல்வோர், அந்நாள் எக்கிழமை, விடுமுறைக்கு அணித்தோ சேய்த்தோ, திரும்பும் நாள் எத்தனை இரவு கழித்து என்பவற்றை ஒருங்கே நோக்கித் துணிவர். இவையெல்லாம் எண்களில் தோன்றா. நாட்காட்டியில் ஒரு பார்வையில் தோன்றும். மேலும், இத்தகைய தேதிகள் குறுகிய எல்லைக்குள் அமைவன. இந்திய இரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. அறுபது நாள்கள் இரண்டு மூன்று மாதப் பக்கங்களுள் அடங்கிவிடும். எல்லைக்கு அப்பாற்பட்ட நாள்களை மங்கலாகக் காட்டின் மட்டும் போதாது. ஏன் அவை கிடையா என்பதையும் ஒரு வரியிற் கூறல் வேண்டும். நிறம் ஒன்றாலேயே வேறுபாட்டைக் காட்டுதலும் தவறு. நிறவேறுபாடு காணாக் கண்களும் உள அன்றோ?

வாரத்தின் முதல் நாள் எது என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க நாட்காட்டி ஞாயிற்றில் தொடங்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் திங்களில் தொடங்கும். பழகிய இடத்தை நோக்கி விரல் வைப்போர் ஒரு நாள் பிழைப்பர். ஆதலின் கிழமைப் பெயர்கள் தெளிவாக நிற்றலும், வாரத்தொடக்கம் அவரவர் வழக்கோடு ஒத்தலும் வேண்டும். விசைப்பலகையால் இயக்குவோர்க்கு, இடவல அம்புகள் ஒரு நாளும், மேல்கீழ் அம்புகள் ஒரு வாரமும் நகர்த்துமாறு அமைத்தல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபு. நாட்காட்டியோடு, தேதியைத் தட்டெழுதும் கட்டம் ஒன்றும் எப்பொழுதும் உடனிருத்தல் நலம்.

அடுத்து, எழுதும் வரிசையை ஆராய்வாம். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் மூன்றாம் நாள். அமெரிக்கர்க்கு மார்ச்சு நான்காம் நாள். இக்குழப்பத்தை நீக்கக் கருதியே பன்னாட்டுத் தர அமைப்பு 1988இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் நெறியை வெளியிட்டு, ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை நிறுவிற்று. பொறியுள் சேமித்தற்கு அது சாலச் சிறந்தது. ஆயினும் அவ்வடிவில் எழுதுமாறு மக்களை ஏவுதல் வேண்டா. மக்கள் தமக்குப் பழகிய முறையில் எழுதுக. பொறி தனக்குரிய முறையிற் சேமிக்க. மீளக் காட்டுங்கால் மாதத்தை எண்ணாற் கூறாது பெயராற் கூறுக. ‘2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமை’ எனக் கிழமையோடு காட்டின், ஐயத்திற்கு இடமே இல்லை. நாளை மாற்றிக் குறித்தவரும் கிழமையைக் கண்டு திருத்திக் கொள்வர்.

பொழுதைக் குறித்தலில் இன்னும் நுண்ணிய இடர் உண்டு. பன்னிரண்டு மணிக் கணக்கில் வரும் ஏ.எம்., பி.எம். என்னும் குறிகள், ‘நண்பகலுக்கு முன்’, ‘நண்பகலுக்குப் பின்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களின் சுருக்கம். நண்பகல் பன்னிரண்டோ தனக்கு முன்னும் அன்று, பின்னும் அன்று. ஆதலின் 12 ஏ.எம். என்பது நள்ளிரவோ நண்பகலோ எனக் கற்றாரும் மயங்குவர். யாமம், வைகறை, நண்பகல் எனச் சிறுபொழுதுகட்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம் மொழி. ‘நள்ளிரவு 12’, ‘நண்பகல் 12’, ‘மாலை 5’ என்று தமிழ்த் திரையில் எழுதின் இம்மயக்கம் ஒழியும்.

நள்ளிரவு வண்டியின் இடரையும் ஈண்டு எண்ணுக. இரயில்வே நாளினை நள்ளிரவில் தொடங்கும். நம் பஞ்சாங்க மரபோ கிழமையை ஞாயிறு எழும் பொழுதில் தொடங்கும். பஞ்சாங்கம் பாராதாரும் உறங்கி எழும்வரை அவ்விரவினை முன்னை நாளின் இரவென்றே பேசுவர். ஆதலின் 2025 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை 00:15 மணிக்குப் புறப்படும் வண்டிக்குச் சீட்டுப் பெற்றவர், வெள்ளி இரவு நிலையத்திற்கு வந்து, வண்டி முன்னை இரவே போயிற்றென அறிந்து திகைத்தல் எளிதில் நிகழக்கூடியது. சீட்டில் பிழையில்லை, படித்தவர் அறிவிலும் குறையில்லை, இரண்டு நாட்கணக்குகள் ஒன்றோடொன்று மோதின. ‘ஆகஸ்டு 14 வியாழன் இரவே நிலையம் வந்து சேர்க’ என்னும் ஒரு வரியைத் திரையிற் சேர்த்தால் இவ்விழப்புத் தவிரும்.

இடத்தொடு பொழுது மாறுதலும் கருதத்தக்கது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. பிறந்த நாளை ஒரு கணமாகக் கொண்டு நள்ளிரவு என்று பதிந்து, பொது நேரத்திற்கு மாற்றிச் சேமிக்கும் மென்பொருளில், அது முன்னை நாளின் 18:30 மணியாகிவிடும். அதிலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுப்பின் பதினைந்தாம் நாள் பிறந்தவர் பதினான்காம் நாள் பிறந்தவராவர். பிறந்த நாள் ஒரு நாளே. அதற்கு மணியும் வேண்டா, நேரவலயமும் வேண்டா. நாடுகடந்து கூடிப் பேசும் கூட்டத்திற்கோ இரண்டும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்தல் மென்பொருள் வகுப்போர் கடன்.

இறுதியாக, பிழை கூறும் முறை. ஏப்ரல் 31 என ஒருவர் எழுதின், ‘தவறான உள்ளீடு’ எனச் சிவப்பெழுத்திற் கூறி, எழுதியதனைத்தையும் அழித்துவிடும் படிவங்கள் உள. ‘ஏப்ரலுக்கு 30 நாள்களே உண்டு’ என்று கூறி, எழுதியதை அவ்வாறே நிறுத்தி, திருத்த விடுதல் நல்லாசிரியர் இயல்பு. கருவியும் அவ்வியல்பினதாதல் வேண்டும்.

மேற்கூறியவற்றால், நாள் குறிக்கும் கருவியின் சிறப்பு அதன் அழகில் இல்லையென்பதும், குறிப்பவர் அந்நாளை எவ்வாறு அறிந்து வைத்துள்ளார் என்பதை ஆராய்ந்து அதற்கியைய அமைவதிலேயே உள்ளது என்பதும் பெறப்படும். நம் கல்லூரியிற் பயிலும் கணிப்பொறி மாணவர் நாளை இத்தகைய படிவங்களை வகுப்போராவர். அவர் தாம் வகுத்ததை உடன்பயில்வாரிடம் மட்டும் காட்டி மகிழாது, விடுதிச் சமையற் பணியாளர் ஒருவரிடமோ வீட்டிலுள்ள பாட்டியாரிடமோ கொடுத்து, ஒன்றும் கூறாது அருகிருந்து காண்பாராக. எவ்விடத்து அவர்தம் விரல் தயங்கி நிற்கின்றதோ, அவ்விடத்தே திருத்த வேண்டுவது உளது.